கரண்ட் இல்லாத விலாசம்

கரட்டுக்காடு,
மோகனூர் வழி.
18.02.2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

நான் இங்கே வந்து எட்டு மாதம் ஆகிறது. அப்பா விட்டுப்போன ஒன்றரை ஏக்கரில் கடலை போட்டு, பிடுங்கி, காயவைத்தும் ஆயிற்று. மண்சுவர் மழைக்குத் தாங்கிவிட்டது. கீற்று மட்டும் இரண்டு இடத்தில் மாற்ற வேண்டும். கரண்ட் இல்லை, போன் இல்லை. விடிந்தால் எழுகிறேன், இருட்டினால் படுக்கிறேன். சுகர் மாத்திரை பாதியாகக் குறைந்துவிட்டது, இதை மட்டும் நீ நம்ப மாட்டாய்.

அனல்மின் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் கரண்ட் தயாரித்த ஆள், கரண்டே வேண்டாமென்று போய் உட்கார்ந்திருக்கிறானே என்று நம் சொந்தக்காரர்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். சிரிக்கட்டும். நான் யோசித்துத்தான் சொல்கிறேன் சௌந்திரம், இன்றைக்கு மனிதன் வாழ்கிற வாழ்க்கை அவன் உடம்புக்கு ஆனதல்ல. நம் எதிர்வீட்டுக் கலையரசனையே பார். நடக்கக்கூடாதென்று கார் வாங்கினான். பிறகு நடப்பதற்கென்று ஒரு மெஷின் வாங்கி ஹாலில் போட்டு, நின்ற இடத்திலேயே நடக்கிறான். இதை ஒரு மாடு பார்த்தால் என்ன நினைக்கும்?

இங்கே சாயங்காலம் கிணற்றுமேட்டில் உட்கார்ந்தால் மேட்டூர் குவார்ட்டர்ஸ்தான் ஞாபகம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை பரிசல்காரரிடம் ஜிலேபி மீன் வாங்கிவருவேனே. நீ உரலில் மசாலா ஆட்டுவாய். வீட்டில் இருந்தது ஒரு குண்டு பல்பு, ஒரு ரேடியோ, இரண்டு பாய். எதுவும் குறையாகத் தெரிந்ததே இல்லை. அந்த நாளைத்தான் நான் இங்கே திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பாதி கட்டியாயிற்று. மீதி நீ வந்தால்தான்.

வா. பத்து நாள் இருந்து பார். பிடிக்காவிட்டால் நானே பஸ் ஏற்றிவிடுகிறேன்.

இப்படிக்கு,
தனபால்

*

அயோத்தியாப்பட்டணம்,
29.02.2024

மது அப்பாவுக்கு, சௌந்திரம் எழுதுவது.

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாத்திரை குறைந்ததை நம்புகிறேன். இங்கே இருந்தபோது ராத்திரி ஒன்பது மணிக்கு மிக்சர் பாக்கெட்டைப் பிரித்தது யார் என்றும் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

எட்டு மாதத்தில் இது உங்களுடைய ஐந்தாவது கடிதம். ஐந்திலும் "வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் என்னைத் தவிர ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறாள். மாப்பிள்ளை ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் போர்வெல் போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த ஒரு ஆளுக்குப் பெயர் இருக்கிறது. நீங்கள் வைத்த பெயர்தான். அதை எழுத உங்கள் பேனாவுக்கு ஏன் வரவில்லை?

ஏன் என்று எனக்குத் தெரியும். போன வருடம் பங்குனியில், சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து நீங்கள் சொன்னது இன்னும் அந்தச் சமையலறையிலேயே இருக்கிறது. ஒன்பது வருடம் கோயில் கோயிலாகச் சுற்றிவிட்டு, கடைசியில் டெஸ்ட் டியூப் முறையில் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதை அவள் எவ்வளவு சந்தோஷமாக வந்து சொன்னாள். "ஹேச்சரில குஞ்சு பொரிக்கறாப்பல புள்ள பெக்கப் போறயா? அப்படிப் பொறந்தா அதுக்கு நாந் தாத்தன் இல்ல சாமி" என்றீர்கள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாமி என்று செல்லமாகக் கூப்பிட்டு, சாந்தமாகச் சொன்னீர்கள். அவள் எழுந்து போய்க் கை கழுவினாள். அதோடு சரி.

இரண்டு மாதத்தில் ரிட்டையர் ஆனீர்கள். அடுத்த வாரமே மோகனூர். ஏசி ஆகவில்லை, போன் சத்தம் ஆகவில்லை, இயற்கையாக வாழப்போகிறேன் என்று ஊருக்கெல்லாம் சொன்னீர்கள். நீங்கள் ஏசிக்குப் பயந்து போகவில்லை. எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாத ஒரு முகத்துக்குப் பயந்து போனீர்கள். கூடவே வாழ்ந்த எனக்குத் தெரியாதா?

குவார்ட்டர்ஸ் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஞாபகம் இருக்கிறது, ஆனால் வேறு மாதிரி. அந்த மீனை ஆய்ந்தது நான். மசாலா ஆட்டியது நான். குழாயில் தண்ணீர் வராத நாளில் தெருமுனைத் தொட்டியிலிருந்து பதினாறு குடம் தூக்கியது நான், வயிற்றில் மதுவோடு. உங்கள் எளிய வாழ்க்கைக்கு இரண்டு கை இருந்தது, அது என்னுடையது. இப்போது வா என்று கூப்பிடுவது என்னையா, அந்தக் கையையா?

இவ்வளவு சொன்னதால் இங்கே நான் ராணிபோல இருக்கிறேன் என்று எண்ண வேண்டாம். ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். வாஷிங் மெஷின் துவைத்து முடித்ததும் பாட்டுப் பாடிக் கூப்பிடுகிறது. சில நாள் இந்த வீட்டில் என்னைக் கூப்பிடுகிற ஒரே குரல் அதுதான். அப்போதெல்லாம் நீங்கள் ஷிப்ட் முடிந்து சைக்கிளை நிறுத்தும்போது "சௌந்திரம், தண்ணி" என்பீர்களே, அது ஞாபகம் வந்துவிடுகிறது. தண்ணீர் எடுத்துக் குடிக்கக்கூடத் தெரியாத மனுஷன் என்று அன்றைக்குத் திட்டுவேன். இன்றைக்கு அந்தக் குரல் கேட்டால் போதும் என்று இருக்கிறது.

கீற்று மாற்ற ஆள் வையுங்கள். நீங்களே ஏற வேண்டாம்.

சௌந்திரம்

*

கரட்டுக்காடு,
20.03.2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினாறு குடம் என்று நீ அன்றைக்குச் சொல்லவே இல்லையே. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்றும் தெரியவில்லை. ஒருவேளை பேப்பர் படித்துக்கொண்டு தலையாட்டியிருப்பேன்.

ஆனாலும் என் பக்கமும் ஒன்று இருக்கிறது. கண்ட்ரோல் ரூமில் முப்பத்தைந்து வருடம். ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று மாறி மாறி ஓடியதில், பசி எப்போது வர வேண்டும், தூக்கம் எப்போது வர வேண்டும் என்று என் உடம்புக்கே தெரியாமல் போயிற்று. ஜன்னல் இல்லாத அறை. வெளியே மழையா வெயிலா என்று அடுத்த ஷிப்ட் ஆள் தலையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். ஊரெல்லாம் வெளிச்சம் போட்டோம், எனக்குப் பகல் என்பது கிடைக்கவில்லை. மது மூன்று வயதில் உன்னிடம் கேட்டாளே, "சூரியனுக்கும் அப்பாதான் சுவிட்ச் போடுவாரா?" என்று. ஷிப்டில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. குழந்தை என்னைப் பகலில் பார்த்தே இருக்க மாட்டாள், அதனால் கேட்டிருக்கிறாள்.

பார், பேனாவுக்கு அவள் பெயர் வந்துவிட்டது.

நான் சொன்ன விதம் தப்பாக இருக்கலாம். சொன்ன விஷயம் தப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை சௌந்திரம். ஒரு உயிர் வருவதற்கு ஒரு வழி இருக்கிறது. அதற்குள்ளும் மீட்டரும் பொத்தானும் வந்துவிட்டால் மனிதனிடம் மிச்சம் என்ன இருக்கிறது? இந்தப் பயத்தைத்தான் அன்றைக்குச் சொல்ல வந்தேன். வாயில் வேறாக வந்துவிட்டது.

ஆடிப் பதினெட்டுக்காவது வா. கல்யாணமான முதல் ஆடிக்கு மோகனூர் ஆற்றங்கரையில்தான் உனக்குப் புது மஞ்சள் கயிறு மாற்றினோம். அந்தப் படித்துறை அப்படியே இருக்கிறது. இந்த வருடமும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். உன்னைக் குடம் தூக்கவிட மாட்டேன். சத்தியமாக.

தனபால்

*

அயோத்தியாப்பட்டணம்,
16.06.2024

மது அப்பாவுக்கு,

மூன்று மாதமாகப் பதில் போடவில்லை. கோபத்தினால் அல்ல. ஒன்றைச் சொல்லாமல் கடிதம் எழுதினால் அது பொய்க் கடிதமாக இருக்கும், சொல்லவோ மது விடவில்லை. இப்போதும் அவள் விடவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

மது முழுகாமல் இருக்கிறாள். ஐந்தாவது மாதம். ஆமாம், அந்த முறையில்தான். உங்கள் பிப்ரவரிக் கடிதம் வந்தபோதே சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. ஊசி போட்டுப் போட்டு அவள் வயிற்றில் நீலம் நீலமாக இருந்தது. ஒரு நாள்கூட வலிக்கிறது என்று சொல்லவில்லை.

டாக்டர் அவளை அதிகம் நடக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். அதனால் ஆடிப் பதினெட்டுக்கு நான் வர முடியாது. கயிற்றை இங்கேயே குழாயடியில் மாற்றிக்கொள்கிறேன். அந்தக் குழாயில் வருவதும் காவிரிதான்.

உங்கள் பயத்தை எழுதியிருந்தீர்கள். மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் ஒன்று சொல்கிறேன். இதை உங்களிடம் இதுவரை சொன்னதில்லை. எங்கள் வீட்டில் நாங்கள் ஐந்து பேர் என்றுதான் உங்களுக்குத் தெரியும். எங்கம்மா பெற்றது எட்டு. மூன்று பேர் தங்கவில்லை. எல்லாம் வீட்டிலேயே, மருத்துவச்சி கையில், நீங்கள் சொல்கிற அந்த வழியில் வந்தவர்கள்தான். கடைசிக் குழந்தை குறைமாதம். அடுப்பு ஓரத்தில் பழைய சேலையில் சுற்றி வைத்திருந்தார்கள். எனக்கு ஏழு வயது. மூன்று நாள் உயிரோடு இருந்தது. கை இவ்வளவுதான் இருக்கும், என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. ஏனம்மா பேர் வைக்கல என்று கேட்டேன். "பேர் வெச்சா கூப்புடோணும்னு இருக்கும் சாமி" என்றாள்.

எளிய வாழ்க்கை அழகாகத்தான் இருந்தது. எங்கள் தோட்டத்து மாமரமும், மழை நாளில் அம்மா வறுத்துக் கொடுக்கிற சோளப்பொரியும் எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. திரும்பக் கிடைத்தால் வேண்டாமென்றா சொல்வேன்? ஆனால் அந்த அடுப்பு ஓரமும் அதே வீட்டில்தான் இருந்தது. நீங்கள் மாமரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

மதுவுக்கு மாங்காய் ஆசையாக இருக்கிறது. எதிர்வீட்டுக் கலையரசன் கொடுத்தனுப்புகிறார். உங்கள் கொல்லையிலும் ஒரு மரம் உண்டு என்று எனக்கு ஞாபகம்.

சௌந்திரம்

*

கரட்டுக்காடு,
12.08.2024

அன்புள்ள சௌந்திரத்துக்கு,

உன் கடிதத்துக்குப் பதிலாக நான்கு முறை எழுதி நான்கு முறையும் கிழித்தேன். மாங்காய் ஒரு சாக்குப் பறித்து வைத்தேன். யாரிடம் கொடுத்தனுப்புவது, என்ன சொல்லிக் கொடுத்தனுப்புவது என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் எல்லாம் பழுத்துவிட்டது.

இப்போது வேறொன்று நடந்துவிட்டது. அதை உன்னிடம்தான் சொல்ல முடியும்.

ஆனி முடிகிற சமயம் ஒரு நாட்டுக்கோழியை அடை வைத்தேன். பதினொரு முட்டை. அது உட்கார்ந்திருந்த அழகைப் பார்த்து உனக்குப் பக்கம் பக்கமாக எழுதலாம் என்று இருந்தேன். தீனிக்குக்கூட எழாது. இதுதான் தாய்மை, இதற்கு மெஷின் எதற்கு என்றெல்லாம் மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன். பதினாறாம் நாள் காலையில் கீரி அதைக் கொண்டுபோய்விட்டது. கூடையில் இறகும் முட்டையும்தான் இருந்தன. முட்டையைத் தொட்டேன். சூடு இன்னும் ஆறவில்லை.

இயற்கை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே? கீரியும் இயற்கைதானே? நான் விடவில்லை சௌந்திரம். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வேட்டியில் பதினொரு முட்டையையும் அள்ளி, வயிற்றோடு அணைத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் பக்கத்துத் தோட்டத்துக் காளியப்பன் வீட்டுக்கு ஓடினேன். அவன் வீட்டில்தான் கரண்ட் இருக்கிறது.

"ஏனுங்க, கரண்டே ஆகாதும்பீங்க, இப்ப பல்பு கேக்கறீங்க?" என்றான் காளியப்பன்.

"பேசாத குடுப்பா" என்றேன்.

அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே குண்டு பல்பு தொங்கவிட்டு, உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தோம். மோகனூர் போய் ஒரு தெர்மாமீட்டர் வாங்கிவந்தேன். ஐந்து நாள் நான் அந்தப் பெட்டி பக்கத்திலேயே கிடந்தேன். மணிக்கு ஒரு தடவை சூட்டைப் பார்த்து நோட்டில் எழுதினேன். கண்ட்ரோல் ரூம் பழக்கம், கை தானாக எழுதுகிறது. கரண்ட் போய்விடக்கூடாதே என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, ஒரு மின் பயனீட்டாளனாகச் சாமி கும்பிட்டேன்.

ஆடிப் பதினெட்டு அன்று மேட்டூர் நிரம்பி ஆறு இரு கரையும் தொட்டுப் போனது. யாரையும் இறங்கவிடவில்லை, கயிறு கட்டியிருந்தார்கள். தூரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, பெட்டி ஞாபகமாகவே இருந்ததால் அரைமணியில் திரும்பிவிட்டேன். இரண்டு நாளில் ஆறு குஞ்சு பொரிந்தது. ஈரமாக, தள்ளாடிக்கொண்டு, பல்பைப் பார்த்துக் கத்திக்கொண்டு வந்தன. கையில் எடுத்தேன். இது எதில் பொரிந்தது என்ற கேள்வியே எனக்கு வரவில்லை. பிழைத்ததே என்றுதான் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பங்குனி மாதச் சோற்றுத் தட்டு கண் முன்னால் வந்தது. காளியப்பன் எதிரிலேயே அழுதுவிட்டேன். கோழிக்காக அழுகிறேன் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

நான் சொன்ன விதம் தப்பென்று முன்பு எழுதினேன். இல்லை. சொன்னதே தப்பு. என் கொள்கை ஒரு கோழிமுட்டைக்கே தாங்கவில்லை, அதை வைத்து என் மகளின் வயிற்றை எடைபோட்டேன்.

இதை மதுவிடம் படித்துக் காட்டாதே. எழுதியிருப்பது நன்றாக இல்லை. ஒழுங்காகச் சொல்ல வரும்போது நானே சொல்கிறேன். அவள் உடம்பைப் பார்த்துக்கொள்.

தனபால்

*

சேலம், ஆஸ்பத்திரி.
24.08.2024

மது அப்பாவுக்கு,

பதற வேண்டாம். முதலில் இதைப் படியுங்கள், இரண்டு பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் தேதி மதுவுக்கு பிபி ஏறிவிட்டது. குழந்தையை எடுத்தால்தான் தாய்க்கு நல்லது என்றார்கள். ஆபரேஷன். முப்பதே வாரத்தில் பெண் குழந்தை. ஒரு கிலோ இருநூற்று ஐம்பது கிராம். நம் வீட்டுச் சொம்பு அதைவிடக் கனம்.

அன்றைக்கே, அவசரத்துக்கென்று நீங்கள் கொடுத்த காளியப்பன் நம்பருக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன். மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் மது, "அவருக்குச் சொல்ல வேண்டாம்மா" என்றாள். போன் போடவில்லை. கடிதம் வேண்டாமென்று அவள் சொல்லவில்லை.

குழந்தையைக் குழந்தைகள் ஐசியூவில் வைத்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு ஒரு தரம், கை கழுவி, மேலங்கி போட்டுக்கொண்டு பார்க்கவிடுகிறார்கள். மேலே சூடு தருகிற விளக்கு. மூக்கில் குழாய், காலில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு, தலைமாட்டில் பச்சையாக எண்கள் ஓடும் பெட்டி. எனக்கு அந்த எண்கள் எதுவும் புரியவில்லை. நீங்கள் இருந்தால் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அடுப்பு ஓரத்தில் கிடந்த எங்கள் கடைசிக் குழந்தையும் இதே அளவுதான் இருந்தது. அதற்கு இந்த விளக்கு கிடைக்கவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் அழாமல் வைத்திருந்ததை அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று அழுது தீர்த்தேன்.

மாப்பிள்ளை சிவபிரகாஷ் சத்தீஸ்கரிலிருந்து இரண்டு நாளில் வந்து சேர்ந்தார். வந்த கோலத்திலேயே, தலையெல்லாம் போர்மண்ணோடு.

உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை எதிர்வீட்டுக் கலையரசன் நேற்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மதுவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தேன். படித்துக் காட்டாதே என்ற வரியையும் சேர்த்தே படித்தேன். என்னைத் திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிறகு, "கோழிமுட்டைக்கு எளகற மனசு பெத்த புள்ளைக்கு எளகலயாம்மா?" என்றாள். கேள்வியில் தப்பில்லையே. நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனதும், அதே சுவரைப் பார்த்துக்கொண்டு, "அந்த ஆறு குஞ்சும் இருக்குதாமா?" என்று கேட்டாள்.

வாருங்கள் என்று நான் எழுதமாட்டேன். அது அவள் சொல்ல வேண்டியது.

சௌந்திரம்

*

கரட்டுக்காடு,
30.08.2024

சௌந்திரம்,

உன் கடிதம் நேற்றுக் காலை கையில் கிடைத்தது. குஞ்சுகளைக் காளியப்பனிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். கூப்பிடாமல் வருகிறோமே என்ற நினைப்பு ராசிபுரம் தாண்டின பிறகுதான் வந்தது.

ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தேன். வாட்ச்மேன் நல்ல மனிதர். "யாரைப் பாக்கோணுங்க?" என்றார். குழந்தைகள் ஐசியூவில் ஒரு குழந்தை என்றேன். "கொழந்தைக்கு நீங்க என்ன வேணுங்க?" என்றார்.

சாதாரணக் கேள்வி. ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு உள்ளே விடுவார். அதற்கு ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை நான் என் வாயாலேயே வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். அது மதுவின் காதில் விழுந்திருக்கிறது. இப்போது ஒரு வாட்ச்மேனிடம் அதைச் சொல்லி உள்ளே நுழைவது திருட்டு மாதிரி இருந்தது. தெரிஞ்சவங்க என்று முனகிவிட்டு எதிர் டீக்கடைக்கு வந்துவிட்டேன். மூன்று மணிவரை உட்கார்ந்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த ஜன்னல் என்று தெரியவில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். கடைசி பஸ் ஒன்பது மணிக்குத்தான்.

இங்கே வந்து பார்த்தால் குடிசை மிக அமைதியாக இருந்தது. இத்தனை நாள் இந்த அமைதியைத்தான் இயற்கை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

குஞ்சு ஆறும் இருக்கிறது என்று மதுவிடம் சொல்.

தனபால்

*

சேலம், ஆஸ்பத்திரி.
04.09.2024

மது அப்பாவுக்கு,

தபாலில் போட்டால் நாளாகும். மாப்பிள்ளை வண்டியில் வந்து இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பார். படித்துவிட்டு அவரோடு கிளம்புங்கள். ஏனென்று சொல்கிறேன், கேளுங்கள்.

குழந்தைக்கு மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். தானாக மூச்சு விடுகிறாள். எடை அறுபது கிராம் கூடியிருக்கிறது. இனிமேல் அந்த விளக்கின் சூடு மட்டும் போதாதாம். குழந்தையைத் துணியில்லாமல், ஒரு மனிதரின் வெற்று நெஞ்சில் படுக்க வைத்து, மேலே போர்த்தி, மணிக்கணக்காக அசையாமல் வைத்திருக்க வேண்டுமாம். அந்த உடம்புச் சூட்டிலும் நெஞ்சுத் துடிப்பிலும்தான் எடை சீக்கிரம் ஏறுமாம். இத்தனை மெஷின் வைத்திருக்கிற டாக்டர் சொல்கிறார். முன்பானால் பாத்தியா, நான் சொன்னேனே என்று குதித்திருப்பீர்கள். நானும் விடாமல் வாதாடியிருப்பேன். இப்போது இரண்டு பேரில் யார் ஜெயித்தது என்று பார்க்க எனக்குத் தெம்பில்லை. விளக்கு அவளை இந்த இடம்வரை கொண்டுவந்துவிட்டது. இனி ஆள் வேண்டும்.

மதுவுக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் வைத்துக் காய்ச்சல் அடிக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எனக்கு இருமல், அதனால் என்னை அந்த அறைப்பக்கமே விடவில்லை. மாப்பிள்ளை தினம் மத்தியானம் வைத்துக்கொள்கிறார். தூக்குவதற்கு முன்னால் நகத்தில் போர்மண் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறார்.

இன்று காலை நர்ஸ் நோட்டோடு வந்தார். காலை நேரத்துக்கு இன்னொரு ஆள் வேண்டும், சளி இருமல் இல்லாத, பொறுமையாக உட்காரக்கூடிய ஆள், பெயர் சொல்லுங்கள் என்றார். மாப்பிள்ளை தன் அண்ணன் பெயரைச் சொல்ல வாயெடுத்தார். உங்கள் வாட்ச்மேன் கடிதத்தை முந்தாநாள்தான் மதுவிடம் கொடுத்திருந்தேன். அதை அவள் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள். படித்தாளா என்று நான் கேட்கவும் இல்லை.

அதனால் சுத்தமாகக் குளித்துவிட்டு வாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நெற்றியில் விபூதி, நெஞ்சில் சந்தனம் எதுவும் வேண்டாம். மோதிரத்தைக் கழற்றிக் காளியப்பனிடம் கொடுத்துவிடுங்கள். முன்பக்கம் முழுவதும் பட்டன் திறக்கிற சட்டையாகப் போட்டுக்கொள்ளுங்கள். உங்களிடம் இல்லையென்றால் மாப்பிள்ளை பையில் ஒன்று வைத்திருக்கிறேன். மூன்று மணி நேரம் அசையக்கூடாது. பிறகு நீங்கள் உங்கள் குடிசைக்குத் திரும்பிப் போவதானாலும் போகலாம். நான் தடுக்கவில்லை. ஒருவேளை நானே பத்து நாள் வந்தாலும் வருவேன்.

வாசலில் வாட்ச்மேன் என்ன வேணும் என்று மறுபடியும் கேட்டால் பயப்பட வேண்டாம். நர்ஸ் நோட்டிலிருந்து அவருடைய நோட்டிலும் ஏற்கெனவே எழுதியாயிற்று. நர்ஸ் பெயர் கேட்டபோது மதுதான் கண்ணைத் திறந்து, "தனபால்னு எழுதிக்கங்க" என்றாள்.

"அவரு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டார்.

ஒன்றரை வருடமாக இந்தச் சொல்லை அவள் வாயில் நான் கேட்கவில்லை.

"எங்கப்பாங்க" என்றாள்.

சௌந்திரம்